இருபது வளைவு தாண்டி ஒரு டிஸ்க்

ஏற்காட்டிலிருந்து இறங்குகிறவர்கள் பையில் மிளகு, காப்பிக்கொட்டை, கொஞ்சம் ஜலதோஷம் இருக்கும். ஏறுகிறவர்கள் பையில் ஸ்வெட்டரும், கொண்டை ஊசி வளைவுகளை உத்தேசித்து ஒரு எலுமிச்சம்பழமும் இருக்கும். ஆபீஸ் நண்பர் ஒருவர் இந்தத் தடவை மூன்றாவதாக ஒரு அயிட்டம் கொண்டு போகிறார். ஹார்ட் டிஸ்க்.

நண்பருக்குச் சொந்த ஊர் ஏற்காடு. உத்தியோகம் சென்னையில். அம்மா மட்டும் மலையில்.

"நாலு சீரியல் பாக்கறாங்க சார். சரியா அந்த நேரத்துக்குத்தான் பக்கத்து வீட்டம்மா வந்து உக்காந்து ஊர்க்கதை பேசுவாங்க. போகச் சொல்லவும் முடியலை, கதையை விடவும் முடியலை. புது செட்-டாப் பாக்ஸ்ல பின்னாடி யு.எஸ்.பி. ஓட்டை இருக்கு. டிஸ்க் சொருகினா ரெக்கார்டு ஆகுமாம். எந்த டிஸ்க் வாங்கறது? மலை மேல ஹார்ட் டிஸ்க் வேலை செய்யாதுன்னு கடைக்காரர் வேற பயமுறுத்தறார்."

ஒரே மூச்சில் இத்தனை கேள்வி. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். சேலத்தில், செங்கல்பட்டில் இருக்கிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் கொஞ்சம் பூர்வாசிரமம். 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி 'ராமாக்' என்ற இயந்திரத்தோடு உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை விட்டது. 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள். எடை ஏறக்குறைய ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. இன்றைய கணக்கில் 4 மெகாபைட்கூடத் தேறாது. அதில் இன்றைய எச்.டி. சீரியலைப் பதிந்தால், மாமியார் கண்ணை உருட்டி முடிப்பதற்குள் இடம் தீர்ந்துவிடும். நாலு செகண்டுக்கும் குறைவு!

டி.வி.க்குள் டிஸ்க் புகுந்தது 1999-ல், அமெரிக்காவில் 'டிவோ' என்ற பெட்டி மூலமாக. நம் ஊரில் 2008-ல் டாடா ஸ்கை கம்பெனி (2022-லிருந்து டாடா ப்ளே) டிஸ்க் வைத்த பாக்ஸை விற்றது. அதற்கு முன் நமக்கு இருந்தது வீடியோ டெக். வாடகைக்கு எடுத்து, தெருவே உட்கார்ந்து, விடிய விடிய மூன்று படம் பார்த்த தலைமுறைக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த கேஸட்டிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. பின்னால் சொல்கிறேன்.

எவ்வளவு பெரிய டிஸ்க்?

டி.வி. படம் டிஸ்க்கில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது செகண்டுக்கு எத்தனை பிட் வருகிறது என்பதைப் பொறுத்தது. எச்.டி. சானலுக்கு 8 மெகாபிட் என்று தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டு பிட் ஒரு பைட். ஆகவே செகண்டுக்கு 1 மெகாபைட், மணிக்கு 3.6 ஜி.பி. சாதா சானலுக்கு 2 மெகாபிட் என்றால் மணிக்கு 0.9 ஜி.பி.

நாலு சீரியல், அரை அரை மணி, வாரத்துக்கு ஆறு நாள். மொத்தம் 12 மணி நேரம். எச்.டி.யில் சுமார் 43 ஜி.பி. அதாவது 500 ஜி.பி. டிஸ்க்கில் பதினோரு வாரத்துக் கண்ணீரைச் சேமிக்கலாம். 1 டி.பி. (பயப்படாதீர்கள், டெராபைட்!) என்றால் இருபத்து மூன்று வாரம். அத்தனை நாள் பார்க்காமல் விட்ட சீரியலை இனிமேல் யாரும் பார்க்கப் போவதில்லை. அதனால் 4 டி.பி. வாங்குவது, இரண்டு பேர் குடும்பத்துக்குக் கல்யாண அண்டாவில் ரசம் வைப்பது மாதிரி. தவிர, பழைய முறையில் டிஸ்க்கைப் பிரிக்கும் பாக்ஸ்களுக்கு 2 டி.பி.க்கு மேல் எண்ணத் தெரியாது. பாக்ஸோடு வந்த சின்னப் புத்தகத்தில் உச்சவரம்பு போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது உத்தமம்.

1 டி.பி. வாங்கிக் கம்ப்யூட்டரில் சொருகினால் 931 என்றுதான் காட்டும். "ஏமாத்திட்டான்!" என்று கடைக்காரர் சட்டையைப் பிடிக்காதீர்கள். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்குப் போட்டு லட்சம் கோடி பைட் தருகிறார்கள். கம்ப்யூட்டர் 1,024-ஆக எண்ணுகிறது. அளந்த படிதான் வேறு, அரிசி அதேதான்.

மலையில் டிஸ்க்குக்கு மூச்சு முட்டுமா?

கடைக்காரர் சொன்னதில் கடுகளவு உண்மை இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு சுற்றும்போது கூடவே காற்றையும் இழுத்துக்கொண்டு சுற்றுகிறது. எழுதும் தலை அந்தக் காற்றின் மேல் மிதக்கிறது. தட்டுக்கும் தலைக்கும் நடுவே சில நானோமீட்டர்தான் இடைவெளி. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிக்காற்றின் அழுத்தமும் உள்ளே இருப்பதும் சமமாக இருக்க, டிஸ்க்கின் உடம்பில் வடிகட்டி வைத்த ஒரு குட்டித் துளை உண்டு. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. ரொம்ப மெலிந்தால் தலை மிதக்க முடியாமல் தட்டில் உரசிவிடும்.

எவ்வளவு உயரத்தில்? தயாரிப்பாளர்கள் சுமார் 3,000 மீட்டர், அதாவது 10,000 அடி வரை உத்தரவாதம் தருகிறார்கள். ஏற்காடு 1,515 மீட்டர். காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் குறைவு. சேர்வராயன் கோயில் இருக்கிற சிகரமே 1,623 மீட்டர்தான். கோயில் வாசலில் வைத்து ஓட்டினாலும் டிஸ்க் கவலைப்படாது. கவலைப்பட வேண்டியது 3,500 மீட்டரில் இருக்கும் லே நகரத்து மாமியார்கள்.

அடுத்து, இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஓடாமல் இருக்கும் டிஸ்க்கில் தலை பத்திரமாக ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். துணியில் சுற்றிப் பையில் வைத்தால் போதும். பஸ்ஸில் டிஸ்க்குக்குத் தலை சுற்றுவதற்கு முன் உங்களுக்குச் சுற்றிவிடும்.

பனி? இதில் ஒரு சூட்சுமம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு ஏன் வியர்க்கிறது? குளிர்ந்த பொருள் மேல் வெதுவெதுப்பான ஈரக்காற்று படுவதால். ஆகவே சேலத்திலிருந்து சூடாக மேலே போகும் டிஸ்க்குக்கு வியர்க்காது. ஏற்காட்டுக் குளிரில் கிடந்துவிட்டுக் கீழே இறங்கும் டிஸ்க்குக்குத்தான் வியர்க்கும். இறங்கியதும் பையைப் பிரிக்காமல் இரண்டு மணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு சொருகுங்கள்.

சூட்டு விஷயத்தில் ஏற்காட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஊரே ஏ.சி. ஆனால் பாக்ஸ் மேல் பூ வேலை செய்த துணி, துணி மேல் பிளாஸ்டிக் ரோஜா, பக்கத்தில் ஊதுபத்தி ஸ்டாண்டு என்று அலங்காரம் பண்ணினால் அங்கேயும் கொதிக்கும். பாக்ஸுக்கு நாலு பக்கமும் காற்று வேண்டும்.

பயப்பட வேண்டியது இடிக்கு. மார்ச், ஏப்ரலில் காப்பிச் செடியைப் பூக்க வைக்கும் அதே மழைதான் மின்னலையும் கூட்டி வருகிறது. இடி கேட்டதும் கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கினால் பாதி வேலைதான். கூரை மேல் இருக்கும் டிஷ்ஷிலிருந்து வரும் ஒயரையும் கழற்ற வேண்டும்.

திடீரென்று கரண்ட் போனால்? டிஸ்க் கெட்டிக்காரன். சுற்றிக்கொண்டிருக்கும் தட்டின் மிச்ச வேகத்திலேயே மோட்டாரைக் குட்டி ஜெனரேட்டர் ஆக்கி, தலையை ஒதுக்கிவிடும். ஆனால் பாதி எழுதிய அட்டவணை அரைகுறையாக நிற்கும். அடுத்த தடவை பாக்ஸ் விழித்துக்கொண்டு "ஃபார்மட் பண்ணட்டுமா?" என்று அப்பாவியாகக் கேட்கும். சின்ன யு.பி.எஸ். ஒன்று இருந்தால் இந்த வம்பு இல்லை.

எந்த ஜாதி டிஸ்க்?

வேகம் முக்கியமே இல்லை. ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிந்தாலும் செகண்டுக்கு இரண்டு மெகாபைட். இன்றைய சோம்பேறி டிஸ்க்கே அதைப் போல ஐம்பது மடங்கு ஓடும். 7,200 சுற்று வேண்டாம், 5,400 போதும். சூடும் குறைவு, சத்தமும் குறைவு.

முக்கியமானது குணம். கம்ப்யூட்டர் டிஸ்க் கணக்குப்பிள்ளை மாதிரி. ஒரு எழுத்து படிக்க முடியவில்லை என்றால் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பத் திரும்பப் பல செகண்டு முயற்சிக்கும். சம்பளக் கணக்குக்கு அது தேவை. டி.வி.க்கு இடைஞ்சல், படம் உறைந்து நிற்கும். மிருதங்க வித்வான் ஒரு அடி பிசகினால் கச்சேரியை நிறுத்திவிட்டா மறுபடி வாசிக்கிறார்? அந்த மாதிரி "போனால் போகட்டும்" என்று மேலே போகும் டிஸ்க்குகள் தனியாக உண்டு. கண்காணிப்புக் கேமராவுக்கு என்று விற்கும் வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக், தோஷிபா எஸ்300 எல்லாம் இந்த ரகம். ராப்பகல் ஓடுவதற்கென்றே செய்தவை. பாக்ஸுக்கு உள்ளே மாட்டுகிற டிஸ்க் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இந்த ரகத்துக்குப் போகலாம்.

'எஸ்.எம்.ஆர்.' என்று ஒரு சமாசாரமும் இருக்கிறது. ஏற்காட்டுப் பழைய பங்களாவின் ஓட்டுக்கூரை மாதிரி தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏறினாற்போல் அடுக்கியிருப்பார்கள். நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமானால் பக்கத்து ஓடுகளையும் பிரிக்க வேண்டும். பதிவதும் அழிப்பதுமாக இருக்கிற டி.வி. வேலைக்கு இது சில சமயம் திணறும். 'சி.எம்.ஆர்.' கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

"எஸ்.எஸ்.டி. போட்டா என்ன சார்? சத்தமே வராதே!" வராதுதான். ஆனால் சில பாக்ஸ்கள் நீங்கள் கேட்காவிட்டாலும், ரிமோட்டில் 'பாஸ்' அமுக்கினால் உதவட்டும் என்று எப்போதும் பதிந்துகொண்டே இருக்கும். செகண்டுக்கு 1 மெகாபைட் என்றால் நாளைக்கு 86 ஜி.பி., வருஷத்துக்கு 31 டி.பி. மலிவான 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி.க்கு 80 டி.பி. எழுதும் வரைதான் உத்தரவாதம் போடுகிறார்கள். இரண்டரை வருஷத்தில் கணக்கு முடிந்தது. பென் டிரைவ் பற்றிக் கேட்கவே வேண்டாம். அது கடிதம் எடுத்துப் போகப் பிறந்தது, மூட்டை தூக்க அல்ல.

சொருகினால் 'டிக்... டிக்...'

யு.எஸ்.பி. ஓட்டையில் சொருகும் டிஸ்க்குக்கு வேறு ஒரு பிரச்னை, சாப்பாடு. பழைய யு.எஸ்.பி. 2.0 ஓட்டை அரை ஆம்பியர்தான் தரும். 5 வோல்ட்டில் 2.5 வாட். கையடக்க டிஸ்க் கிளம்பும்போது மட்டும் ஒரு ஆம்பியர் வரை கேட்கும். கிடைக்காவிட்டால் 'டிக்... டிக்...' என்று முனகிவிட்டுப் படுத்துவிடும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு இருபது வளைவு இறங்குவார்கள். அங்கே கம்ப்யூட்டரில் சொருகினால் ஜோராக ஓடும்! தனி அடாப்டரோடு வரும் பெரிய டிஸ்க்கோ, கரண்ட் வாங்கிக் கொடுக்கும் ஹப்போ இருந்தால் இந்த அலைச்சல் மிச்சம்.

ஓட்டை இருப்பதாலேயே ரெக்கார்டு ஆகும் என்றும் இல்லை. சில பாக்ஸில் அது போட்டோ பார்க்கவும், சர்வீஸ்காரர் உபயோகத்துக்கும் மட்டும்தான். மெனுவில் 'ரெக்கார்டு' என்ற வார்த்தையை முதலில் கண்ணால் பாருங்கள். பழைய எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்கில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்டாது. எச்.டி. படம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் போனதும் இரண்டாக வெட்டுப்படும், அல்லது நின்றுவிடும். எந்த முறை வேண்டும் என்பதைப் பாக்ஸிடமே விட்டு, அதிலேயே ஃபார்மட் செய்வது நல்லது. அதற்கு முன், டிஸ்க்கில் அக்கா கல்யாண ஆல்பம் எதுவும் இல்லை என்று நிச்சயம் செய்துகொள்ளவும்.

உள்ளேதானே இருக்காரு?

இப்போது அந்த கேஸட் விஷயம். அன்றைக்கு ஒரு கேஸட்டில் பதிந்தால் அதைப் பக்கத்து வீட்டு டெக்கிலும் போடலாம், மதுரையில் மாமா வீட்டு டெக்கிலும் போடலாம். டெக் செத்தாலும் கேஸட் உயிரோடு இருக்கும். செட்-டாப் பாக்ஸில் அப்படியில்லை. கட்டணச் சானல்களைப் பூட்டுப் போட்டுத்தான் டிஸ்க்கில் எழுதுகிறது. சாவி அந்தப் பாக்ஸின் சிப்புக்குள். பதிந்ததை யாரும் பிரதி எடுத்து விற்கக் கூடாது என்பதற்காகச் சானல்காரர்கள் கேட்டு வாங்கிய ஏற்பாடு. பாக்ஸ் போனால் சாவி போச்சு. டிஸ்க் கல்லுக்குண்டாட்டம் இருந்தாலும் அதிலிருப்பது வெறும் குப்பை.

நண்பர் ஏன் டிஸ்க், டிஸ்க் என்று இத்தனை அலைகிறார் என்று நான் யோசித்ததுண்டு. அப்புறம்தான் சொன்னார். அவர் அப்பா எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். ஒரு சானலில் விவசாய நிகழ்ச்சிக்காக வந்தவர்கள், மிளகுக் கொடியை சில்வர் ஓக் மரத்தில் எப்படி ஏற்றுவது என்று அவரைப் பேசச் சொல்லிப் படம் பிடித்தார்கள். நாலு நிமிஷம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கேமராவைப் பார்க்காமல் கொடியைப் பார்த்தே பேசினாராம். அப்போது வீட்டில் இருந்தது உள்ளேயே டிஸ்க் வைத்த பழைய பாக்ஸ். அம்மா அதில் பதிந்து வைத்தார். அடுத்த வருஷம் அப்பா தவறிவிட்டார். அதற்கடுத்த கோடையில் ஒரு இடி. பாக்ஸ் கருகியது.

டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. கழற்றி வேறு பாக்ஸில் போட்டால் "ஃபார்மட்?" என்கிறது. கம்ப்யூட்டரில் போட்டால் ஃபைல் தெரிகிறது, திறக்கவில்லை. சர்வீஸுக்கு வந்தவர் பழைய பாக்ஸை எடுத்துக்கொண்டு புதிதாக ஒன்றை வைத்துவிட்டுப் போனார்.

"ஏங்கண்ணு, அப்பா இதுக்குள்ளதானே இருக்காரு? எடுக்க முடியாதா?" என்று அம்மா கேட்டாராம். நண்பர் பதில் சொல்லாமல் டிஸ்க்கைத் துணியில் சுற்றி பீரோவில் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இந்த விஷயத்தில் எந்தக் கம்பெனி டிஸ்க்கும் உதவாது. டி.வி.யில் உங்கள் வீட்டு மனிதர் யாராவது வந்தால், பாக்ஸில் பதிந்ததோடு நிற்காதீர்கள். அன்றைக்கே திரை முன்னால் செல்போனை அசையாமல் பிடித்து ஒரு வீடியோ எடுங்கள். ஓரம் வெட்டுப்படும், ஃபேன் சத்தம் சேரும். பரவாயில்லை. அதை இரண்டு பேருக்கு அனுப்பிவிடுங்கள். பூட்டில்லாத சுமார் படம், பூட்டிய பிரமாதப் படத்தைவிட ஆயிரம் மடங்கு மேல். தூர்தர்ஷனின் இலவச டிஷ் பார்க்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. கடையில் வாங்கும் அதன் பாக்ஸ்கள் பெரும்பாலும் பூட்டாமலே பதிகின்றன. கம்ப்யூட்டரிலும் ஓடும்.

டிஸ்க்கால் முடியாதவை

மழையில் படம் போவதற்கு டிஸ்க் மருந்தல்ல. டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். கனத்த மழைத்துளிகள் அதை விழுங்கிவிடும். பனி மூட்டத்தின் பொடித் துளிகளுக்கு அவ்வளவு பசி கிடையாது. ஏற்காட்டில் பலரும் பனி மேல் பழி போடுகிறார்கள், பாவம். அடைமழையில் சிக்னல் போனால் டிஸ்க் விசுவாசமாகக் கறுப்புத் திரையை அரை மணி நேரம் பதிந்து வைக்கும். மறு ஒளிபரப்பு எப்போது என்று பார்த்து அதையும் பதியச் சொல்லுங்கள்.

நம் பக்கத்துச் செயற்கைக்கோள்கள் கிட்டத்தட்ட உச்சி வானத்தில், கொஞ்சம் தென்கிழக்காக நிற்கின்றன. எதிரே இருக்கும் மலை மறைக்காது. வளர்ந்துகொண்டே போகும் சில்வர் ஓக் மறைக்கும். போன வருஷம் தெரிந்த படம் இந்த வருஷம் புள்ளி புள்ளியாக உடைந்தால் டிஸ்க்கைத் திட்டாமல் மரத்தை அண்ணாந்து பாருங்கள்.

ஆகமொத்தம் நண்பருக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டு இதுதான்: 1 டி.பி., 5,400 சுற்று, சி.எம்.ஆர்., தனி அடாப்டர், குட்டி யு.பி.எஸ். பூத்துணி கூடாது. இடி இடித்தால் இரண்டு ஒயரையும் பிடுங்கவும்.

ஒன்று மட்டும் சீட்டில் எழுதவில்லை, வாயால் சொன்னேன். எல்லா டிஸ்க்கும் ஒருநாள் சாகும். விலை உயர்ந்தது கொஞ்சம் தாமதமாகச் சாகும், அவ்வளவுதான். சீரியல் போனால் கவலையில்லை. கதாநாயகி அடுத்த மாதமும் அதே வாசற்படியில் அதே கண்ணீரோடுதான் நிற்பாள். திரும்ப வராதது எது என்று யோசித்து, அதை மட்டும் இரண்டு இடத்தில் வையுங்கள்.